பன்னிரண்டாம் நம்பர்

கையை விடக்கூடாது. இன்றைக்கு அவளுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான், கோட்டை கொத்தளம் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். முதல் வாசலுக்குள் நுழையும்போதே மரகதம் டீச்சர் இதைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள், சொன்ன சூட்டோடு வீட்டுக்காரருடைய மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நடக்கிற எட்டை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. சர்வேயராக முப்பத்துமூன்று வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷன், சங்கிலி இல்லாத இடத்தில் காலையே சங்கிலியாக்கிக்கொள்வார். அவருடைய ஒரு எட்டு சுத்தமாக இரண்டரை அடி, கோயிலானாலும் கல்யாண மண்டபமானாலும் உள்ளே போய் உட்கார்ந்ததும் "எம்பதுக்கு நாப்பது இருக்குது" என்று சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஜெய்சல்மேரில் மார்கழி வெயில் சுடவில்லை, ஆனால் கண்ணைக் கூசவைத்தது. சுவர், தரை, படி, மாடம் எல்லாம் ஒரே மஞ்சள். அந்த மஞ்சளைப் பொன் என்கிறார்கள். அவளுக்கு என்னவோ நேற்று அறுத்து அடுக்கிய மைசூர்பா ஞாபகம்தான் வந்தது, பொன்னைப் பார்த்தும் தின்கிற நினைப்பா என்று தன்னையே கடிந்துகொண்டாள். முன்னால் டூர் மேனேஜர் நாச்சிமுத்து ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார், கோபி, அந்தியூர், பவானி என்று சுற்றுவட்டாரத்தில் சேர்த்த இருபத்தாறு உருப்படிகள் குடைக்குப் பின்னால். பக்கத்தில் நடந்த பூங்கோதை அக்கா, கோபியில் துணிக்கடை வைத்திருக்கிறவள், கண் அவர்கள் கோத்திருந்த கைமேல் விழுந்ததும் சும்மா விடவில்லை. "ஏனுங் டீச்சர், கல்யாணம் ஆன புதுசுங்களா? கையி ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது!" நாலு பேர் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள். சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், கிழவன் கிழவிக்குக் காதல் முற்றிப்போனது என்றே நினைக்கட்டும். வேறெதையும் நினைக்காதவரை லாபம்தான்.

வேறெதையும் என்றால் அதுதான், வாய்விட்டுச் சொல்லாமல் ஒன்பது மாதமாக முந்தானையில் முடிந்து வைத்திருப்பது. டூருக்குப் பேர் கொடுத்தபோது ஒரு தாள் நீட்டினார்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வேறு ஏதேனும் என்று. வேறு ஏதேனும் என்ற இடத்தில் பேனா நின்றது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட கை, இல்லை என்று எழுதியது, அதுவும் அழகான எழுத்தில். இதென்ன பெரிய பொய்யா? அவர் நன்றாகத்தான் இருக்கிறார். குளிக்கிறார், வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறார், பேப்பர் படிக்கிறார், படித்த பேப்பரையே மறுபடி படிக்கிறார், அதற்கென்ன, அந்தப் பேப்பரில் ஒரு தடவை படித்தாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஐப்பசியில் பால் வாங்கப் போனவர் அடுத்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கால்மணி நேரம் திருகிக்கொண்டு நின்றார். அவருடைய செல்போனை ஃபிரிட்ஜில், கத்தரிக்காய்க்கு நடுவில் கண்டெடுத்தாள், அன்றிலிருந்து அது அவளுடைய பையில்தான் கிடக்கிறது. ரயிலில் வரும்போது குஜராத்தோ என்னவோ ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்க, பகல் தூக்கத்திலிருந்து விழித்து "சத்தியமங்கலம் தாண்டிருச்சா புள்ள?" என்று கேட்டார். புள்ள என்றார், அது போதும். அவளை அவர் நாற்பத்தோரு வருஷமாகக் கூப்பிடுவது அப்படித்தான், அந்தப் புள்ள இருக்கிறவரைக்கும் அவளும் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் பெங்களூரில் இருக்கிற மகன் செந்தூரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. அவன் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறான், தோட்டம் இருக்கிறதாம், நர்ஸ் உண்டாம், இவரைப்போல முப்பது பேர் இருக்கிறார்களாம். புறப்படுகிற அன்று போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "போயிட்டு வாங்க, நான் வேண்டாங்கல. ஆனா ஒரேயொருக்கா அப்பா தொலைஞ்சு போனாருன்னாலும் அப்பறம் நான் சொல்றதத்தான் கேக்கோணும். நீங்க ஒத்தையில எப்புடிம்மா சமாளிப்பீங்க?" சரி கண்ணு என்றாள். அவன்மேல் கோபமில்லை, அவன் பயந்துபோயிருக்கிறான், பயந்த பிள்ளை அப்படித்தான் அதட்டும். ஒரேயொருக்கா. இன்றைக்கு அது நடக்கக்கூடாது.

இரண்டாவது வாசல் தாண்டி ஏற்றம். ஒரு மாடு எதிரே இறங்கி வந்தது, ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே மாட்டைச் சுற்றிப் போனது. கோட்டை என்றால் ராஜா செத்துப்போய் டிக்கெட் கொடுக்கிற இடம் என்று நினைத்திருந்தாள், இதற்குள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கொடியில் பாவாடை காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது. அதுவே கொஞ்சம் தைரியமாக இருந்தது. குமான் சிங் என்ற கைடு பெரிய மீசைக்காரர், இந்தியில் பேசுவார், நாச்சிமுத்து அதைத் தமிழாக்குவார், ஆக்குவதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. மூன்றாவது வாசலில் நிழலுக்கு எல்லோரையும் நிறுத்தி, மணல்மேடு எப்போது என்று யாரோ கேட்டதற்குக் குமான் சிங் கையை விரித்து "கல், கல்" என்றார். உடனே வீட்டுக்காரர் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சுவரைத் தடவினார். "ஆமாமா, நல்ல கல்லு. எங்க சர்வே கல்லு இந்தச் சாதியில இருந்திருந்தா எவனும் புடுங்கி நட்டிருக்க மாட்டான்." நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ சார், அவுங்க பாசையில கல்லுன்னா நாளைக்குங்க. மணலுக்கு நாளைக்குப் போறமுங்க. நேத்துன்னாலும் கல்லுதான், நாளைக்குன்னாலும் கல்லுதான், ரண்டுக்கும் ஒரே வார்த்தைங்க." "அதெப்படி, நேத்தும் நாளைக்கும் ஒண்ணாகும்?" என்று இவர் கேட்டார், நியாயமான கேள்வி, எல்லையில் தகராறு வந்தால் கேட்பாரே அந்தக் குரல், எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், இவரைவிடத் தெளிவான ஆள் இந்தக் கூட்டத்தில் உண்டா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை பத்து எட்டு நடப்பதற்குள் கரைந்தது. நேற்றும் நாளையும் ஒன்றாகிறது, அதுதானே அவருக்கு ஒன்பது மாதமாக நடப்பது. செத்துப்போன தம்பி நாளைக்கு வருவான் என்கிறார், நாளைக்கு வரவேண்டிய சிலிண்டர் நேற்றே வந்துவிட்டது என்கிறார். இந்த ஊரில் பிறந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். "எத்தனீல விட்டேன் புள்ள?" என்று குனிந்து கேட்டார். "நூத்தி எம்பதுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நூற்று எண்பத்தொன்று என்று அவர் நிம்மதியாக ஆரம்பித்தார்.

நாலாவது வாசலுக்கு மேலே சந்துகள். ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளையடித்து, அதன்மேல் பிள்ளையாரை வரைந்து, கீழே சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருந்தது. கல்யாணம் நடந்த வீடாம். இந்த ஊரில் பத்திரிகையை அச்சடிப்பதோடு நிறுத்துவதில்லை, சுவரிலேயே எழுதிவிடுவார்களாம், பையன் பேர், பெண் பேர், தேதி, மழையில் கரைகிறவரை இருக்குமாம், மழையோ இங்கே பெய்வதே அபூர்வம். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள், மரகதம் நின்றாள். பேர். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேனையெல்லாம் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார். "தினமும் பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா. ஏனுங்க, என்னுங்கன்னா அது ஊருல இருக்கற எல்லா ஆம்பளைக்கும் பொது. பேருன்னா அவரு ஒருத்தருதான்." தலையாட்டிவிட்டு வந்தாள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறாள், பேரை ஒரு வேளையும் கொடுக்கவில்லை. வரவில்லை, என்ன செய்ய? கல்யாணத்தன்று நாத்தனார்கள் வாசலை மறித்துக்கொண்டு மாப்பிள்ளை பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று நின்றபோது, டீச்சர் டிரெய்னிங் முடித்த கையோடு வந்தவள், பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதிக் காட்டினாள். வாயால சொல்லச் சொன்னா பரீட்சை எழுதுறாளே என்று ஊரே சிரித்தது. எழுதத் தடையில்லை, வாய்க்குத்தான் பூட்டு. பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அறிவியல் பாடம் நடத்தினவள் இதை நம்பவில்லை, ஒருநாளும் நம்பவில்லை, ஆனால் சொல்லிப் பார்க்கவும் இல்லை. அவருடைய பேர் சென்னியப்பன். சென்னிமலை முருகன் பேர். அதனால் சென்னிமலையும் அவள் வாயில் வராது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கையில் "ஈங்கூருக்கு அக்கட்ட, மலை இருக்கற ஊருங்க" என்பாள். கண்டக்டர்கள் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே "எந்த மலைங்க்கா?" என்று இழுப்பார்கள். போர்வைக்காரன் வந்து சென்னிமலைப் போர்வை என்று கூவினால் கூப்பிட்டு, "மலைப் போர்வை என்ன வெலைங்க" என்பாள். இவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்.

அதைவிடக் கூத்து பள்ளிக்கூடத்தில். ஐந்தாம் வகுப்பு, ஒரு வருஷம் தப்பினாலும் மறு வருஷம் ஒரு சென்னியப்பன் வந்து சேருவான், அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பையனுக்கு அந்தப் பேர். காலையில் வருகைப் பதிவேட்டை விரித்துப் பேர் கூப்பிடுவாள். ஒவ்வொருத்தனும் எழுந்து, கையைத் தூக்கி, உள்ளேன் டீச்சர் என்பான். அவள் கோடு போட்டுவிட்டு உக்காரு என்று சொன்னால்தான் கை இறங்கும், அது அவள் வகுப்புச் சட்டம் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் எல்லா வகுப்பிலும் அப்படித்தான். குமரேசன், கோபாலன், சண்முகம் என்று வந்து, அந்த இடத்தில் மூச்சை இழுத்து, "பன்னெண்டாம் நம்பர்" என்பாள். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். ஒரு பையனுடைய அப்பா சண்டைக்கு வந்துவிட்டார், எம் பையன் என்ன ஜெயில்லயா இருக்கறான் நம்பர் சொல்லிக் கூப்புட என்று. தலைமை ஆசிரியர் அவரைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னதும், வந்தவர் வெட்கப்பட்டு, "அப்படீங்ளா, அப்பச் செரீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் இவரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் உங்கிளாசுல வந்து சேந்தாலும் எனக்கு நம்பர்தானா புள்ள?" "ஆமாங்க, நம்பர்தான்." "அப்ப எம் பேரு உனக்குத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியாமப் போயிரும்போல." அன்றைக்கு அதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்தார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ராத்திரி அவர் தூங்குகையிலாவது சொல்லிப் பார்க்கலாமென்று நினைத்ததுண்டு. சென் என்று நாக்கு மேலே ஒட்டும், அதோடு சரி. அவருக்கு ஆயுசு வேண்டும் என்று பேரைச் சொல்லாமல் இருந்தோமே, ஆயுசு மட்டும் இருந்து ஆள் இல்லாமல் போனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜைனக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தோல் பெல்ட்டும் கூடாதாம். வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்கிற பிள்ளையாகக் கழற்றினார், இரண்டு செருப்பையும் சுவரோரம் ஒரு நூல் பிசகாமல் ஒட்டி வைத்தார். அவளுக்குத்தான் ரயில் பயணத்தில் கால் வீங்கி, செருப்பின் வார் சதையில் புதைந்திருந்தது. ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கையை விடக்கூடாது. ஒற்றைக்காலில் நின்று இன்னொருமுறை இழுத்தாள், தடுமாறினாள், பூங்கோதை அக்கா "உக்காந்து கழட்டுங்க டீச்சர்" என்று தோளைப் பிடித்துப் படியில் உட்கார்த்திவிட்டாள். இரண்டு கையும் செருப்புக்குப் போனது. வார் கொக்கியில் நூல் சிக்கியிருந்தது, பல்லால் கடிக்கவா முடியும், நகத்தால் நெம்பினாள். ஒரு நிமிஷம் இருக்குமா? இருக்காது. நிமிர்ந்தாள். அவர் இல்லை. கோயில் படியில் கோபிக்காரர்களின் முதுகுகள், எல்லா முதுகும் வேறே யாருடையதோ. சுவரோரம் அவருடைய செருப்பு மட்டும் ஒட்டினபடி நின்றது. உள்ளே போயிருப்பார், கண்டிப்பாக உள்ளேதான். எட்டிப் பார்த்தாள். இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாகிவிட்டதே. அவசரத்தில் அவள் வாய் தன்னால் திறந்து, தெரிந்த ஒரே வார்த்தையை உரக்கச் சொன்னது. "ஏனுங்க!" படியேறிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஏழு ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். திரும்பின ஏழு பேரும் அவரவர் மனைவி கூப்பிட்டதாக நினைத்து, அவரவர் மனைவியைத் தேடினார்கள். ஒருத்தர் "வந்துட்டனுங், வந்துட்டன்" என்று பதறிக்கொண்டு இரண்டு படி இறங்கியே விட்டார். ஊர் பூராவுக்கும் பொது என்று டாக்டர் சொன்னாரே. "யாரையுங்க டீச்சர்?" என்றார் நாச்சிமுத்து. "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க, அவுரு தண்ணி குடிக்கப் போனாரு, கூட்டிட்டு வந்தர்றன்" என்றாள். இது இரண்டாவது பொய். ஒரு கையில் தன் செருப்பு, ஒரு கையில் அவர் செருப்பு, வெறுங்காலோடு சந்துக்குள் இறங்கினாள்.

கல் குளிர்ந்திருந்தது. அவருக்கும் இப்படித்தான் குளிரும். சந்து இரண்டாகப் பிரிந்தது, வலதுபக்கம் போனாள், ஏனென்று தெரியாது, வலது என்றால் நல்லது. ஒட்டகத் தோல் பை தொங்குகிற கடை, பொம்மலாட்டப் பொம்மைகள் தொங்குகிற கடை, கண்ணாடி பதித்த போர்வை, மலைப் போர்வை இல்லை, வேறே. "ஏனுங்க" என்றாள் மெதுவாக. கடைக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து ஒரு போர்வையை விரித்தார். வேண்டாம் வேண்டாம். சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது, பேர், ஊர், அவளுடைய நம்பர், யாராவது படித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். இல்லையே, காலையில் டீ கொட்டிவிட்டதென்று சட்டையை மாற்றினாளே, சீட்டு அந்தச் சட்டையோடு லாட்ஜ் கொடியில் தொங்குகிறது. பையில் போன் அடித்தது. செந்தூரன். பதினொன்றரைக்கு அவன் தினமும் கூப்பிடுவான், அப்பாகிட்டக் குடுங்க என்பான். அடித்து ஓயட்டும். தோட்டம் இருக்கிறதாம், நர்ஸ் உண்டாம். அங்கே அவரை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், அங்கிள் என்பார்கள், தாத்தா என்பார்கள், இல்லாவிட்டால் படுக்கை நம்பர். நம்பர் என்றதும் நடையை எட்டிப் போட்டாள். கோட்டை ஓரத்தில் பீரங்கி மேடை இருக்கிறது, கைப்பிடிச் சுவர் குட்டை, ஓரம் போகாதீங்க என்று நாச்சிமுத்து காலையிலேயே சொன்னார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஒரு பழமொழி இந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும், புருஷனைப் போய்க் கழுதை என்கிறோமே, முருகா, குட்டிச்சுவர் பக்கம் மட்டும் அவரைப் போகவிடாதே. போலீஸுக்குப் போனால் முதலில் கேட்பது காணாமல் போனவர் பேர். பன்னெண்டாம் நம்பர் என்றா சொல்வாள்? ஒரு படியில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கையை உயர்த்தி இவ்வளவு உயரம், வேட்டி, நரைமுடி என்று காட்டினாள். அந்தப் பெண் இரக்கமாகப் பார்த்துவிட்டு மூன்று பக்கமும் கையை நீட்டினாள். மூன்று சந்து கூடுகிற இடம். எந்தச் சந்தில் போனாலும் மற்ற இரண்டில் அவர் தூரமாகிக்கொண்டே போவார். காலால் தேட முடியாது, குரல்தான் மூன்றிலும் ஒரே நேரத்தில் போகும். எதிர்ச் சுவரில் இன்னொரு பிள்ளையார், கீழே இரண்டு பேர், படிக்கத் தெரியாத எழுத்தில், யாரோ ஒருத்தி அவள் புருஷனோடு பக்கத்தில் பக்கத்தில், ஊருக்கே தெரிய. அதனால் எந்தப் புருஷனும் செத்துப்போய்விடவில்லை. செத்தாலும், குறைந்தாலும், இருக்கிற ஆயுசுக்கு அவர் வேண்டும், முருகன் அவள் ஆயுசில் பாதியை எடுத்து அதில் போட்டுக்கொள்ளட்டும். மூச்சை இழுத்தாள். முப்பது வருஷம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்ட குரல் எங்கேயும் போய்விடவில்லை, அடியில் அப்படியே கிடந்தது.

"சென்னியப்பன்!"

கல் சுவர் மூன்று பக்கமும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கோதுமை புடைத்தவள் முறத்தை நிறுத்தினாள். ஒரு ஜன்னலில் இரண்டு முகம் தெரிந்தது. பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்துப் பூங்கோதை அக்காவும் குமான் சிங்கும் வந்து சேர்ந்தார்கள், பொய்யை எவ்வளவு நேரம் நம்புவார்கள்? மரகதம் யாரையும் பார்க்கவில்லை. இடதுபக்கச் சந்தின் முடிவிலிருந்து, உயரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"உள்ளேன் ஐயா!"

ஓடினாள். சந்து முடிகிற இடத்தில் பத்துப் படி, படிக்கு மேலே பீரங்கி மேடை, அதன் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு எட்டு முன்னால் அவர் நின்றிருந்தார், விறைப்பாக, நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை நேரே மேலே தூக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஊர் முழுக்க மஞ்சளாகக் கீழே கிடந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை, மணல். பூங்கோதை அக்கா மார்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அட ஆண்டவா, நெசமாலுமே தொலைஞ்சுட்டாருன்னு பயந்துட்டனுங் டீச்சர்! இந்த வயசுல சாரும் நீங்களும் ஒளிஞ்சு புடிச்சு வெளயாடறீங்களா? உள்ளேன் ஐயாவாமா!" குமான் சிங் ஒன்றும் புரியாமலே மீசைக்குள் சிரித்தார். விளையாட்டு என்றே இருக்கட்டும், அவர்கள் நல்லவர்கள், சிரிக்கட்டும். ஆனால் மரகதத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் வகுப்பில் உள்ளேன் டீச்சர். ஐயா என்றால் அது அவர் படித்த அந்தியூர்ப் பள்ளிக்கூடம், அறுபது வருஷத்துக்கு முன்னால். விளையாட்டுக்குக் கை தூக்கினவன் பதில் சொன்னதும் இறக்கிவிடுவான். இவர் இறக்கவில்லை. கண் அவளைத் தாண்டி எங்கேயோ ஒரு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அங்கே யாரோ இன்னும் கோடு போடவில்லை. சொல்லாமல் விட்டால் பொழுது சாய்கிறவரைக்கும் இப்படியே நிற்பார். நாற்பத்தோரு வருஷத்தில் அவரை ஒருமையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படியேறி அருகில் போனாள், இரண்டு ஜோடிச் செருப்பையும் கீழே வைத்தாள்.

"செரி" என்றாள். காற்றில் விரலால் ஒரு கோடு போட்டாள். "உக்காரு."

கை இறங்கியது. மேல்படியில், சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பாதத்தைத் தட்டி மண்ணைத் துடைத்து, செருப்பை மாட்டிவிட்டாள். பூங்கோதை அக்கா என்ன நினைத்தாளோ, சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாங்க கோயில்ல இருக்கறம், மெதுவா வாங்க" என்று குமான் சிங்கையும் தள்ளிக்கொண்டு போனாள். போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள். "அம்மா, எத்தன தடவ கூப்புடறது? அப்பா எங்க?" என்றான் செந்தூரன். மூன்றாவது பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. "தொலைஞ்சு போனாரு கண்ணு. பேரச் சொல்லிக் கூப்புட்டேன். வந்துட்டாரு." "பேரச் சொல்லியா? நீங்களா?" என்றான் செந்தூரன், சின்னப் பையன் குரலில். "ஆமா, நாந்தான். இனிமே தெனமும் கூப்புடுவேன். எங்கூடத்தான் இருப்பாரு. ஒத்தையில முடியாதுதான், நீ மாசம் ஒருக்கா வந்து கூட இரு, ஆள் வேணும்னாலும் பாக்கலாம். அதையெல்லாம் ஊருக்கு வந்து பேசலாம்" என்று வைத்துவிட்டாள். இவ்வளவு சுலபமா, இதைச் சொல்லத்தானா ஒன்பது மாதம்?

அவர் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானூத்திப் பன்னெண்டு எட்டு" என்றார் திடீரென்று. "கோயில்லிருந்து இங்க வரைக்கும். ஆயிரத்து முப்பது அடி. திரும்பிப் போற வழிதான் தெரியல." "நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் மெல்லத் திரும்பி, முகத்தை உற்றுப் பார்த்தார், பழைய குறும்பா, இல்லை, பேரைத் தெரிந்து வைத்திருக்கிற ஓர் அந்நியப் பெண்ணைப் பார்க்கிற ஆச்சரியமா, எவ்வளவு பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"எம் பேரு உனக்குத் தெரியுமா புள்ள?"

"தெரியுமுங்க."

"அப்ப இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னாள்.